பெட்டி வந்ததும் பாடலாம்

சென்ற மாதம் காலடிப்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு. அதில் பதினோரு ப்ரீஆம்ப்களின் பெயர்கள், எதிரே விலை, விலைக்கு எதிரே நட்சத்திரங்கள். சிலவற்றுக்கு நாலு, சிலவற்றுக்கு நாலரை. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

"சார், இதுல எது வாங்கலாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா முடிச்சிடுவேன்."

இந்தப் பக்கத்தில் புத்தகம், சினிமா, கச்சேரி என்று எதையெதையோ விமர்சித்திருக்கிறேன். ஒரு தகரப் பெட்டியை விமர்சிப்பது இதுதான் முதல் தடவை. ப்ரீஆம்ப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் ரொம்ப சன்னமானது. அதைக் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிற சாதனம்தான் ப்ரீஆம்ப். ஆயிரம் ரூபாயிலும் கிடைக்கிறது, லட்சத்திலும் கிடைக்கிறது. நடுவில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தம்பிக்குக் கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை, பாதி நாள் நைட் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறார். அவருடைய தாய்மாமன் கானா பாடுகிறவர். சினிமா கானா இல்லை. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுகிற மரண கானா. ஹார்பரில் மூட்டை தூக்கியவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். அவர் பாட, இவர் கிட்டார் வாசிக்க, வீட்டு லேப்டாப்பில் பதிவு செய்ய வேண்டும் என்பது திட்டம்.

"கிட்டாருக்கும் கானாவுக்கும் ஒத்துப்போகுமா?" என்று கேட்டேன்.

"ஏன் சார், 2018-ல கீழ்ப்பாக்கத்துல காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மொதல் கச்சேரி பண்ணப்ப பறை, கிட்டார், கானா எல்லாம் ஒரே மேடையில ஏறலியா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

எட்டு மாதமாகச் சீட்டுக் கட்டி 26,000 ரூபாய் சேர்த்திருக்கிறார். நோட்டில் சிவப்பு அடிக்கோடு போட்ட ப்ரீஆம்ப்புக்கு இன்னும் 12,000 வேண்டும். அம்மாவின் செயினை அடகு வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது.

"இதுவரைக்கும் மாமா பாட்டு எத்தனை ரெக்கார்ட் பண்ணியிருக்கீங்க?"

"இன்னும் இல்ல சார். பெட்டி வந்ததும் ஸ்டார்ட் பண்லாம்னு."

"மாமா எப்படி இருக்கார்?"

கொஞ்சம் தயங்கி, "தொண்ட கட்டிக்கினே இருக்குது சார். மேல போவ மாட்டேங்குது" என்றார்.

எனக்கு நோட்டு மறந்துவிட்டது. "இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன், அதுவரை ஒண்ணும் வாங்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

*

2021-லிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை போகிறது. காலடிப்பேட்டையில் இறங்கினேன். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் கவர்னராக இருந்த காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட்பேட்டை நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் திருவொற்றியூர் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. கப்பல் வியாபாரம் செய்து குவித்த அத்தனையையும் ஒரு நாளில் உதறிவிட்டுப் போன மனிதர். அவர் அடங்கிய ஊரில் போய் எந்தப் பெட்டி வாங்கலாம் என்று ஆலோசனை சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. வாசலைத் தாண்டினால் சந்து, சந்தைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள். கிட்டாருக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்வது இங்கே நடக்காத காரியம். ஜன்னலைச் சாத்தினாலும் லாரி உள்ளே வரும். அதனால்தான் கிட்டாரிலிருந்து ஒயரை எடுத்து நேராகக் கம்ப்யூட்டருக்குள் செருகும் வழி. டைரக்ட் ரெக்கார்டிங்.

இதை ஏதோ ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைக்காதீர்கள். 1959-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பெர்ரி கார்டி என்பவர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஒரு ரெக்கார்ட் கம்பெனி ஆரம்பித்தார். அதற்கு முன் கார் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். ஒரு வீட்டை வாங்கி அதன் கார் ஷெட்டை ஸ்டுடியோ ஆக்கினார். டெட்ராய்ட் மோட்டார் டவுன் என்பதால் கம்பெனிக்கு மோடவுன் என்று பெயர். அந்த ஷெட்டில் கிட்டாரையும் பேஸையும் ஆம்ப்ளிஃபயர் எதிரே மைக் வைத்துப் பிடிக்காமல் நேராக மிக்ஸிங் மேசைக்கே இணைத்தார்கள். உலகம் ஆடிய பாட்டுக்கள் பலவும் அப்படிப் பதிவானவை. 1968-ல் பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பாட்டுக்குக் கிட்டாரை நேராக மேசைக்குள் விட்டு, மேசை தாங்காமல் கரகரக்கும்வரை ஏற்றினார்கள். அந்தக் கரகரப்புதான் பாட்டின் முகமே. நம்மூரில் ஏ.ஆர். ரஹ்மான் 1992-ல் 'ரோஜா' பதிவு செய்தது வீட்டின் பின்பக்கத்தில் கட்டிய ஸ்டுடியோவில்.

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் 1950-களிலிருந்து என்ஃபீல்ட் புல்லட். நமக்கும் ஒரு மோட்டார் டவுன் இருந்திருக்கிறது. வீட்டு ரெக்கார்டிங்குக்கு இந்த இடம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

*

தம்பி ஏற்கெனவே பதிவு செய்து பார்த்ததைப் போட்டுக் காட்டினார். அப்பா விட்டுப்போன கிட்டார். கொல்கத்தாவில் செய்த கிவ்சன். அச்சுப் பிழை இல்லை, கிப்சன் வேறு, கிவ்சன் வேறு. நம் நாட்டில் முக்கால்வாசிப் பேர் இந்த 'வ'-வில்தான் கிட்டார் பழகியிருக்கிறார்கள். ஓட்டைக்குக் குறுக்கே ஒரு காந்தப் பிக்கப் மாட்டியிருந்தார்.

சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மொண்ணையாக இருந்தது. அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

"பாத்தீங்களா சார், இதுக்குத்தான் நல்ல ப்ரீஆம்ப் வேணும்கிறேன்."

எப்படி இணைத்தார் என்று பார்த்தேன். கிட்டார் ஒயரின் நுனியில் ஓர் அடாப்டர் மாட்டி, லேப்டாப்பின் மைக் துளையில் செருகியிருந்தார். சங்கதி புரிந்துவிட்டது.

கொஞ்சம் ஃபிசிக்ஸ். பயப்பட வேண்டாம், தெருக்குழாய் அளவுக்குத்தான். உங்கள் தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொம்பைப் பிடித்தால் மெதுவாக, ஆனால் ஒழுங்காக நிரம்பும். பக்கத்து வீட்டுக்காரர் அதே குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சினால் என்ன ஆகும்? பிரஷர் விழுந்து குழாய் காற்றை ஊதும். கிட்டார் பிக்கப் அந்தக் குழாய் மாதிரி. மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய காயில். அதால் நிறைய கரன்ட் கொடுக்க முடியாது. மைக் துளை என்பது மோட்டார். அதன் தடை இரண்டாயிரம் ஓம் சுற்றுவட்டாரம்தான், இழுத்து உறிஞ்சிவிடும். கிட்டாருக்கு வேண்டியது சொம்பு. அதாவது 10 லட்சம் ஓம் தடை உள்ள துளை. சிக்னலை உறிஞ்சாமல் எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பெட்டிகளில் இந்தத் துளைக்குப் பக்கத்தில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்றோ, 'ஹை-இசட்' என்றோ, வெறுமே ஒரு கிட்டார் படமோ போட்டிருப்பார்கள்.

சுருதி மேலே போகப் போகக் காயிலின் சொந்தத் தடையும் ஏறும். அதனால் தப்பான துளையில் செருகினால் முதலில் சாவது மேல்ஸ்தாயிப் பளபளப்பு. தம்பியின் 'போர்வை' அதுதான். இதற்கு 38,000 ரூபாய் மருந்து தேவையில்லை. சரியான துளை போதும்.

அடுத்து அந்த 'ம்ம்ம்'. அது கரன்ட். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. சுரத்தில் சொன்னால் ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே. அமெரிக்காவில் 60, அதனால் அவர்கள் வீட்டு இரைச்சல் பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் கிடக்கும். இந்தப் பகுதிக்காரர்களுக்கு இதில் உரிமை கொஞ்சம் கூடவே உண்டு. 1970-லிருந்து 2017-ல் மூடும்வரை எண்ணூர் அனல்மின் நிலையம், 1994-லிருந்து அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையம் என்று ஊருக்கெல்லாம் கரன்ட் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, சாம்பலை வைத்துக்கொண்ட இடம். அதே கரன்ட் திரும்பி வந்து கிட்டாரில் முனகுகிறது.

"மின்விசிறிய நிறுத்துங்க" என்றேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஏப்ரல் மாத மத்தியானம். நிறுத்தினார்கள். இரைச்சலில் பாதி போய்விட்டது. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் கரன்டை நறுக்கி நறுக்கித்தான் விசிறிக்கு அனுப்புகின்றன. அந்த நறுக்கல் பிக்கப்பில் கேட்கும். பிறகு டியூப் லைட். பிறகு பக்கத்தில் கிடந்த செல்போன் சார்ஜர். கடைசியாகத் தம்பியை நாற்காலியோடு கால் வட்டம் திருப்பி உட்கார வைத்தேன். ஒற்றைக் காயில் பிக்கப் ஆன்டெனா மாதிரி. ஒரு திசையில் இரைச்சலை வாங்கும், இன்னொரு திசையில் வாங்காது. சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் 'ம்ம்ம்' ஏறக்குறைய காணாமல் போனது.

செலவு பூஜ்யம். தம்பி முகத்தில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது. வியாதி பெரிதாக இருக்கும் என்று நம்பி ஸ்பெஷலிஸ்ட்டிடம் போனவரை டாக்டர் சுக்குக் கஷாயம் குடிக்கச் சொன்ன மாதிரி.

ஒன்றைக் கவனியுங்கள். ப்ரீஆம்ப்பின் வேலை தூக்கிக் கொடுப்பது. பாட்டைத் தூக்குகிற அதே கையால் இரைச்சலையும் தூக்கும். உள்ளே வந்துவிட்ட இரைச்சலை விலை உயர்ந்த ப்ரீஆம்ப் விலை உயர்ந்த முறையில் தூக்கித் தரும், அவ்வளவே. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இரைச்சல் போகிறது என்று யாராவது பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் தொடுகிற கிட்டார் கம்பி உலோகம். ஞாபகம் இருக்கட்டும்.

*

இனி சிவப்பு அடிக்கோடு. அதே ப்ரீஆம்ப்பைத் தம்பியின் நண்பர் ஒருவர் வாங்கியிருந்தார். இரவல் கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வகையில் பத்துக் கம்பெனி இருக்கிறது. முகப்பில் ஒரு சின்ன ஜன்னல். உள்ளே கண்ணாடி வால்வு, இளஞ்சிவப்பாக ஒளிர்கிறது. 'வார்ம்' என்று எழுதியிருக்கிறது. பார்க்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. பழைய வால்வு ரேடியோவில் சிலோன் கேட்டு வளர்ந்தவன் நான்.

விமர்சகன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். வால்வு ஒழுங்காக வேலை செய்ய 200 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இந்த விலையில் வரும் பல பெட்டிகளில் அதைச் சின்ன அடாப்டரின் குறைந்த வோல்ட்டில் பட்டினி போட்டு ஓட்டுகிறார்கள். சிலவற்றில் ஒளிர்வது வால்வுகூட இல்லை, அதன் பின்னால் வைத்த ஆரஞ்சு எல்.ஈ.டி. சினிமாவில் கண்ணுக்குக் கிளிசரின் போடுகிற மாதிரி. அழுகை பொய் என்று சொல்லவில்லை, கண்ணீருக்குக் காரணம் வேறு.

இரண்டாவது இன்னும் முக்கியம். நோட்டில் பதினோரு பெயரையும் எழுதிய தம்பி ஒரு கேள்வியை எழுத மறந்துவிட்டார். அந்தப் பெட்டியிலிருந்து சிக்னல் எங்கே போகும்? அது வெறும் ப்ரீஆம்ப். கம்ப்யூட்டருக்குள் போகும் யு.எஸ்.பி. ஒயரே அதில் கிடையாது. 38,000 கொடுத்து வாங்கி வந்தாலும் மறுபடி அதே லேப்டாப் துளையில்தான் செருக வேண்டும். இல்லையென்றால் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். அந்த இன்டர்ஃபேஸில் பெரும்பாலும் ஒரு மைக் துளை, ஒரு கிட்டார் துளை, இரண்டுக்கும் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும். பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிறது. மாமாவுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று. கணக்கு அங்கேயே முடிகிறது.

ஆனாலும் காதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. என்னிடம் இருந்த பழைய இன்டர்ஃபேஸைக் கொண்டு போயிருந்தேன். அதே கிட்டாரில் அதே எட்டு பாரை மூன்று விதமாகப் பதிவு செய்தோம். முதலாவது லேப்டாப் துளையில், இரண்டாவது இன்டர்ஃபேஸின் கிட்டார் துளையில், மூன்றாவது வால்வுப் பெட்டி வழியாக அதே இன்டர்ஃபேஸின் லைன் துளையில். பிறகு மூன்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். இது ரொம்ப முக்கியம். ஒரு துளி சத்தம் கூடினாலும் காது அதைத்தான் 'நல்லா இருக்கு' என்று சொல்லும். கடையில் விலை கூடின பெட்டி ஏன் எப்போதும் ஜெயிக்கிறது என்பதற்குப் பாதி காரணம் இதுதான்.

வரிசையை மாற்றி மாற்றிப் போட்டோம். கேட்டவர்கள் மூன்று பேர். அம்மா, தங்கை, மாமா. எது எது என்று யாருக்கும் சொல்லவில்லை.

லேப்டாப் துளையை மூவரும் முதல் தடவையே பிடித்துவிட்டார்கள். மற்ற இரண்டில் தங்கை ஒரு முறை வால்வையும் ஒரு முறை இன்டர்ஃபேஸையும் நல்லது என்றாள். அம்மா, "ரெண்டும் ஒண்ணுதானே, ஏன் திருப்பித் திருப்பிப் போடுறீங்க? ஃபேன் எப்ப போடுவீங்க?" என்றார். மாமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணு செவுத்துக்கு அந்தாண்ட வாசிக்கிற மாதிரி கீது. மத்த ரெண்டும் ஊட்டுக்குள்ள கீது. ஊட்டுக்குள்ள வந்துட்ட அப்பால எந்த மூலையில குந்தினா இன்னா?"

நட்சத்திரம் போடும் எந்த விமர்சனத்தையும்விட இது எனக்குச் சரியாகப் பட்டது.

*

நியாயமாகவும் இருக்க வேண்டும். தனி ப்ரீஆம்ப் எல்லோருக்கும் வீண் செலவு என்று நான் சொல்லவில்லை. உங்கள் அக்கவுஸ்டிக் கிட்டாரின் பிரிட்ஜுக்கு அடியில் பீசோ பிக்கப் ஒட்டியிருந்தால் கதை வேறு. பீசோவுக்குச் சில சமயம் 10 லட்சம் ஓம்கூடப் போதாது. அடிநாதம் மெலிந்து தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கும். அதற்கென்று செய்த ப்ரீஆம்ப்பை கிட்டாருக்குப் பக்கத்திலேயே வைப்பது தேவை, ஆடம்பரம் இல்லை. ஆனால் கிட்டாரின் வயிற்றில் 9 வோல்ட் பேட்டரி போடும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ப்ரீஆம்ப் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நிறையப் பேர் வைத்துக்கொண்டே தேடுகிறார்கள்.

நேராக எடுத்த எலெக்ட்ரிக் கிட்டார் ரொம்ப வறண்டு கேட்கும் என்பதும் உண்மை. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் சேர்த்துச் செய்யும் பூச்சு அதில் இல்லை. அதைப் பிறகு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் பூசிக்கொள்ளலாம். இலவசமாகவே நல்லது கிடைக்கிறது. பூச்சை மாற்றலாம், கலைக்கலாம். தப்பான துளையில் பறிகொடுத்த மேல்ஸ்தாயியை மட்டும் எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

ஆகவே நீங்கள் கடைக்குப் போனால் வாய் திறந்து கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. இதில் கிட்டாருக்கென்று தனித் துளை இருக்கிறதா? இதிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஒயர் போகுமா? வாசிப்பதற்கும் ஹெட்ஃபோனில் கேட்பதற்கும் நடுவே எவ்வளவு தாமதம்? கடைசிக் கேள்விக்கு மட்டும் விளக்கம். ஒலி காற்றில் மில்லிசெகண்டுக்கு ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே போகிறது. ஐந்தாறு மில்லிசெகண்ட் தாமதம் என்றால் ஆறடி தள்ளி ஸ்பீக்கரை வைத்து வாசிப்பது மாதிரி, யாருக்கும் தொந்தரவில்லை. முப்பது நாற்பது என்று போனால் விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். கம்பெனியே கொடுக்கும் டிரைவர் மென்பொருளைப் போட்டு, ப்ரோகிராமில் பஃபர் என்ற இடத்தில் 128 அல்லது 256 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றுக்கும் ஆமாம், சரி என்று பதில் வந்தால் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அதற்கு மேல் நின்றால் 'வார்ம்', 'ஃபேட்', 'கிரீமி' என்று சமையல் பாஷையில் பேச ஆரம்பிப்பார்கள். பசியோடு கடைக்குப் போகாதீர்கள் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

*

சோதனை எல்லாம் முடிந்தபோது மணி மூன்று. மைக்கை மாமாவின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்தோம். மேடையில் பிடித்துப் பாடுகிற சாதாரண டைனமிக் மைக்தான், சர்ச்சிலிருந்து இரவல். மருமகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மின்விசிறி நின்றது.

மாமா முதல் பாட்டில் மேலே போகும்போது குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. உடைந்த இடத்திலிருந்தே கீழே இறங்கி வந்தார். கிட்டாரும் கூடவே இறங்கியது. செத்துப்போன ஒரு கூட்டாளியைப் பற்றின பாட்டு. எழுதி வைத்தது இல்லை, அவர் ஞாபகத்தில் மட்டும் இருப்பது. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டார். வியர்வை எல்லோருக்கும் வழிந்தது. யாரும் ஃபேனைப் பற்றிப் பேசவில்லை.

நாலு பாட்டு ஆனது. மூன்றாவதில் வெளியே ஒரு கன்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் அடித்தது மைக்கில் விழுந்துவிட்டது. தம்பி பதறி, "மாமா, இன்னொரு தபா பாடிடு, அத்த எடுத்துடலாம்" என்றார்.

"இருக்கட்டும்டா. எத்தினி சாவு ஊட்ல பாடிக்கிறேன். ஒரு நாளாச்சும் லாரி நின்னுச்சா?"

எட்டு மாதம் சும்மா போயிருக்கிறது. சரியான துளை கிடைக்காததால் போகவில்லை. சரியான பெட்டி கிடைத்த பிறகுதான் பாட்டு என்று நினைத்ததால் போனது. நமக்கெல்லாம் இந்த நோய் உண்டு. நல்ல பேனா வந்ததும் எழுதலாம், நல்ல ஷூ வந்ததும் ஓடலாம், நல்ல கேமரா வந்ததும் பாட்டியைப் படம் எடுக்கலாம். பேனாவும் ஷூவும் காத்திருக்கும். பாட்டி காத்திருக்க மாட்டாள். சாமான்களைப் பற்றி எழுதுகிற விமர்சகர்கள் நட்சத்திரம் போடும்போது இந்தக் காத்திருப்பையும் விலையில் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்டர்ஃபேஸ் வாங்கி ஒரு வருஷமாக நான் அதில் ஒரு பாட்டும் பதிவு செய்யவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

போன வாரம் தம்பி திருப்பிக் கொண்டுவந்தார். சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டாராம், செகண்ட் ஹேண்ட், 6,500 ரூபாய். அம்மாவின் செயின் கழுத்திலேயே இருக்கிறது. மிச்சப் பணத்தில் மாமாவைத் தொண்டை டாக்டரிடம் காட்டியிருக்கிறார். கையில் அதே நாற்பது பக்க நோட்டு. பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுத ஆரம்பித்திருக்கிறார். மாமாவுக்கு ஞாபகத்திலிருக்கும் பாட்டுக்களின் முதல் வார்த்தைகள், வரிசையாக நம்பர் போட்டு, மொத்தம் 43. முடிந்ததற்கு எதிரே டிக்.

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று ஆகியிருந்தது. 

"மிச்சம் 32 சார்" என்றார். "இந்த வாரம் நைட் ஷிஃப்ட் இல்ல."